ஒரு 'த' கூடினால்

கேள்வி: தரம் 10இல் படிக்கும் என் மகன் பாடசாலை விவாத அணியில் இருக்கிறான். "ஆல், எனின் என்று பேசினால் தயங்குவதுபோல் இருக்கும், அடித்துப் பேசு" என்று அவனைப் பழக்குபவர் சொல்கிறாராம். தமிழ்ப் பாடத்திலோ நிபந்தனை வாக்கியம் ஒரு பயிற்சியோடு முடிந்துவிடுகிறது. இதற்கென்று வீட்டில் நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேண்டும். பழக்குபவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை மகன் கேட்டு நடந்தால், உரத்துப் பேசப் பழகுவானே தவிர வாதாடப் பழகமாட்டான்.

"பாடசாலைக்குள் கைப்பேசியை அனுமதித்தால் மாணவரின் கவனம் சிதறும்." "அனுமதித்ததால் கவனம் சிதறியது." இரண்டுக்கும் இடையில் கூடியிருப்பது ஒரு 'த'. முதலாவதைச் சொல்கிறவர், அனுமதிக்கும் கவனச்சிதறலுக்கும் என்ன தொடர்பு என்று விளக்கக் கடமைப்பட்டவர். இரண்டாவதைச் சொல்கிறவரோ எந்தப் பாடசாலையில், எப்போது நடந்தது என்று சான்று காட்டக் கடமைப்பட்டவர். கொழும்பில் சில விவாதப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் நிமிடத்தில் 'அனுமதித்தால்' என்று தொடங்கும் பிள்ளை மூன்றாம் நிமிடத்தில் 'அனுமதித்ததால்' என்று வந்து நிற்கிறது; எதிரணியும் அதைக் கவனிப்பதில்லை, கைதட்டலில் நடுவர்களும் சில வேளை கவனிப்பதில்லை. 'செய்தால்' என்பதன் பழைய வடிவமான 'செயின்' என்ற வாய்பாட்டை நன்னூல் எதிர்கால வினையெச்சங்களோடு வைத்திருப்பது வீணுக்கில்லை. இன்னும் நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டுவது இலக்கணப் பிழையாக மட்டும் நின்றுவிடாது.

அடுத்தது, வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டும் பழக்கம். மழை பெய்தால் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கதவைத் திறக்கிறீர்கள், தண்ணீர் நிற்கிறது. ஆகவே இரவு மழை பெய்தது என்று முடிவு கட்டலாமா? குடிநீர்க் குழாய் வெடித்தாலும் தண்ணீர் நிற்கும். அந்த 'வெடித்தாலும்' என்பதில் உள்ள உம்மை ஒன்றே முடிவை ஆட்டிவிடுகிறது. எதிரணியின் ஒவ்வொரு 'ஆல்' வாக்கியத்துக்கும் ஓர் 'ஆலும்' தேடச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதில் வரும் உற்சாகம் வேறு எந்தப் பயிற்சியிலும் வருவதில்லை.

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்களே ஒழிய, அது நிபந்தனைகளால் கட்டப்பட்டது என்று யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. 'நல்காதாகி விடின்', 'வறக்குமேல்', 'வழங்காதெனின்' என்று குறளுக்குக் குறள் வடிவம் மாறிக்கொண்டே போகிறது. பதினாறாம் குறளில் மட்டும் 'விசும்பின் துளிவீழின் அல்லால்' என்று வருவதைப் பாருங்கள். துளி விழாமல் புல் தலைகாட்டாது என்பதே அதன் பொருள். துளி விழுந்த இடமெல்லாம் புல் முளைக்கும் என்று வள்ளுவர் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் வெள்ளவத்தைக் காலி வீதியின் தாரில் எவ்வளவு மழை பெய்து என்ன?

இன்றைய தமிழில் அந்த 'அல்லால்' செய்த வேலையைப் பெரும்பாலும் 'தான்' செய்கிறது. "டியூசனுக்குப் போனால் பரீட்சையில் ஏ சித்தி கிடைக்கும்" என்பதும் "போனால்தான் கிடைக்கும்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதை மறுக்க, போயும் சித்தி கிடைக்காத ஒருவரைக் காட்டினால் போதும். இரண்டாவதை அவரைக் கொண்டு அசைக்க முடியாது. போகாமலே சித்தி பெற்ற ஒருவர் வேண்டும். விவாத மேடைகளில் தவறான ஆளைச் சாட்சிக்குக் கூட்டி வருவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

"தடை செய்திருந்தால் குறைந்திருக்கும்" என்ற இறந்தகால வகையை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதை யாரும் நடத்திப் பார்க்க முடியாது என்பதால் மேடையில் அது மலிவாகக் கிடைக்கும் ஆயுதம்; அதிலுள்ள ஆபத்து மகனுக்குப் பிறகு தானாகவே தெரியவரும்.

இனி உங்களிடம் ஒன்று. நம் வீடுகளில் பிள்ளைகள் நிபந்தனை வாக்கியத்தைப் பெரும்பாலும் மிரட்டலாகவே கேட்கிறார்கள்: "படிக்காவிட்டால் போன் இல்லை." உங்கள் மகன் ஒரு நாள் நிமிர்ந்து, "அப்படியென்றால், படித்தால் கிடைக்குமா அம்மா?" என்று கேட்கக்கூடும். எதிர்த்துக் கதைக்கிறான் என்று அவனை அடக்கிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன வாக்கியத்தில் அந்த உறுதி இல்லை என்பதைக் கண்டுபிடித்துத்தான் அவன் கேட்கிறான். அவன் கேட்பதற்கு முன்பே, போனைக் கொடுப்பதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானித்து வைத்துக்கொள்வது நல்லது.