முதல் பந்தியிலேயே உட்காருங்கள்

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், கணவர் வீடு பாறசாலை. இப்போது ஜெர்மனியில் இருக்கிறோம். திருவோணம் வேலைநாளில் வருவதால், அடுத்த சனிக்கிழமை 14 பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். பாதிப்பேர் நம்மூர்க்காரர்களும் மலையாளிகளும். மீதி அலுவலக நண்பர்களும் கீழ்வீட்டுக்காரர்களும். போன வருஷம் நடுராத்திரி வரை தனியாகச் சமைத்து, பரிமாறி, கடைசியில் எனக்குச் சோறே இறங்கவில்லை. "என்ன கொண்டு வரட்டும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அவர்களையே கொண்டுவரச் சொல்வது மரியாதையா? மாமியார் வேறு, "ஓணத்தைச் சனிக்கிழமைக்கு மாத்துவியா? இருபது கறி இல்லாம என்ன ஓணம்?" என்கிறார்.
— ஒரு வாசகி, ஜெர்மனி

பதில்: நாள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அத்தத்தில் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள். அப்புறமும் அவிட்டம், சதயம் என்று விருந்து ஓடுகிற பண்டிகை இது. வெளிநாட்டு மலையாளி சங்கங்கள் மண்டபம் கிடைக்கிற வாரக்கடைசி பார்த்து, பல வாரம் கழித்துக்கூடக் கொண்டாடுகின்றன. திருவோணத்தன்று காலையில் விளக்கேற்றி, கொஞ்சம் பாயசம் வைத்து, மாமியாருக்கு வீடியோவில் காட்டிவிடுங்கள். விருந்துக்குச் சனிக்கிழமைதான் சரி. ஞாயிறு என்றால் அங்கே கடைகள் அடைத்திருக்கும்; மிக்சியில் தேங்காய் அரைத்தாலே கீழ்வீட்டுக்காரர் முகம் மாறும்.

இருபது கறி வைப்பது கல்யாணச் சமையல் செய்கிற தவசிப்பிள்ளையும் அவருடைய ஆட்களும். நீங்கள் ஒரு ஆள், அடுப்பு நாலு. சோற்றோடு சேர்த்து எட்டு வகை போதும், அதிலும் நாலுதான் உங்கள் கையால்.

கொண்டுவரச் சொல்வது மரியாதையா என்றால், நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி காய்கறி வெட்ட அக்கம்பக்கம் முழுக்க வந்து உட்காரும். ஒருத்தர் சேனையைத் தோல் சீவ, இன்னொருத்தர் தேங்காய் துருவ, பாதி ஊர்க்கதை அங்கேதான் பேசப்படும். வேலை வாங்குகிறார்களே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. கூப்பிட விட்டுப்போனால்தான் மாதக்கணக்கில் பேச்சு நிற்கும். உங்கள் நண்பர்களையும் அப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "ஏதாவது கொண்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள், நாலு வீட்டிலிருந்து நாலு சாம்பார் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒருவருக்குச் சாம்பார், ஒருவருக்கு எரிசேரி என்கிற தேங்காய்க் கூட்டு, ஒருவருக்கு முட்டைக்கோஸ் துவரன், அதாவது தேங்காய்ப் பொரியல். நம் சமையல் தெரியாத நண்பர்களிடம் பழமும் மடக்கு நாற்காலியும் கேட்கலாம். அவர்களில் இரண்டு பேரைக் காலை பத்து மணிக்கே வரச் சொல்லுங்கள். ஒரு முருங்கைக்காய்த் துண்டை மாதிரிக்குக் கையில் கொடுத்து, அவியல் காய் அத்தனையும் இந்த நீளத்துக்கு என்று சொன்னால் அழகாக வெட்டித் தருவார்கள்.

உங்கள் பங்கு சோறு, பருப்பு, அவியல், பிரதமன் என்கிற தேங்காய்ப்பால் பாயசம். அவியலுக்குப் புளிப்பு தயிரா மாங்காயா என்று எல்லையிலிருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. இந்த முறை மாங்காய் போடுங்கள், மறுபடி சூடாக்கினாலும் திரியாது. துருவி உறையவைத்த தேங்காய் பரவாயில்லை. எண்ணெயில் மட்டும் சமாதானம் கூடாது. வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெயை ஊற்றினால் அவியல் வெறும் காய்க்கூட்டு ஆகிவிடும். நல்ல எண்ணெயைப் பச்சையாக மேலே விட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு உடனே மூடுங்கள்.

சிறுபருப்புப் பிரதமனில் முக்கால் வேலையை வெள்ளிக்கிழமையே முடிக்கலாம். பருப்பை வறுத்து வேகவைத்து, வெல்லப்பாகும் தேங்காயின் இரண்டாம் பாலும் சேர்த்துச் சுண்டவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். டப்பாத் தேங்காய்ப்பால் என்றால், தண்ணீர் கலந்தது இரண்டாம் பால், கலக்காதது தலைப்பால். சனிக்கிழமை சூடாக்கித் தலைப்பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

விருந்தாளிகளிடம் எது சேராது என்று முன்பே கேட்டுவிடுங்கள். முந்திரியும் பாலும் எல்லோருக்கும் நினைவு வரும், பெருங்காயம் வராது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் யாராவது இருந்தால் டப்பாவைப் படித்துப் பாருங்கள், சாம்பார் கொண்டுவருபவரிடமும் சொல்லுங்கள். மிஞ்சிய சோற்றையும் தேங்காய் சேர்த்த கறிகளையும் அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

இலை கிடைத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் தட்டு. கையால் சாப்பிடத் தயங்குகிறவர்களுக்குக் கேட்காமலே ஸ்பூன் வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கணவருடைய ஊர் இருக்கிறது, அவருடைய அம்மா இருக்கிறார், கணவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த முறை பப்படம் பொரிப்பதும் பரிமாறுவதும் அவர் வேலை. நீங்கள் முதல் பந்தியில் கீழ்வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எதோடு பிசைய வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். இஞ்சிப்புளியையும் கணவர் தலையிலேயே கட்டுங்கள்; இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் அதற்கு ருசி. புதன்கிழமை சாயங்காலம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, இஞ்சி எவ்வளவு, புளி எவ்வளவு என்று மகனே கேட்டுக் கேட்டுச் செய்யட்டும். அப்புறம் மாமியார் இருபது கறியைப் பற்றிக் கேட்டால் என்னிடம் அனுப்பிவிடுங்கள்.