கைகளால் கற்கும் கணிதம்: கேள்வி பதில்

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியை): குறை எண்ணைக் கழித்தால் விடை ஏன் கூடுகிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விதியை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, நம்புவதில்லை.

பதில்: இரண்டு நிறச் சட்டைப் பொத்தான்கள் போதும். வெள்ளை என்றால் +1, சிவப்பு என்றால் −1. இரண்டும் சேர்ந்த இணையின் மதிப்பு பூச்சியம். 3 − (−2) என்பதற்கு மூன்று வெள்ளைப் பொத்தான்களை வைக்கச் செய்து, அவற்றிலிருந்து இரண்டு சிவப்பை எடுக்கச் சொல்லுங்கள். இல்லாததை எப்படி எடுப்பது என்று வகுப்பே திகைக்கும். அந்தத் திகைப்பைத் தீர்த்துவைக்க நீங்கள் அவசரப்படக் கூடாது. பூச்சிய இணைகளை எத்தனை சேர்த்தாலும் மதிப்பு மாறாது என்பதைத் தாமாகக் கண்டுகொண்டு, இரண்டு இணைகளைச் சேர்த்து, அவற்றிலுள்ள சிவப்பு இரண்டையும் அகற்றுபவர்கள், எஞ்சியிருக்கும் ஐந்து வெள்ளையைப் பார்த்த பிறகு விதியைத் தாங்களே சொல்வார்கள்.

கேள்வி (ஒரு தாய்): மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: 24 புளியங்கொட்டைகளைச் செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். 3×8, 4×6 எனப் பல வழிகள் கிடைக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் 23 கொட்டைகளும் ஒரே வரிசையில்தான் நிற்கும். பகா எண் என்ற பெயரை இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (எட்டாம் வகுப்பு ஆசிரியர்): பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லையே?

பதில்: எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு வேண்டாம். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு செய்யும் செயல்பாடு, என் கருத்தில், வெறும் கைவேலைதான்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்): காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துச் சேர்த்தபோது நேர்கோடு வந்தது. மூன்று கோணங்களின் கூடுதல் 180° என்பதற்கு இது நிரூபணம் ஆகுமா?

பதில்: ஆகாது, ஆனால் கேட்டது நல்ல கேள்வி. 8×8 சதுரத்தை, 3 மற்றும் 8 அலகுப் பக்கங்கள் கொண்ட இரண்டு செங்கோண முக்கோணங்களாகவும், இணைப்பக்கங்கள் 3, 5 அலகுகளும் உயரம் 5 அலகுகளும் கொண்ட இரண்டு செங்கோணச் சரிவகங்களாகவும் வெட்டி, 5×13 செவ்வகமாக மாற்றி அடுக்கிப் பாருங்கள்: 64 சதுர அலகுகள் 65 ஆகிவிட்டதைப் போலத் தோன்றும். உண்மையில், முக்கோணத்தின் சரிவு 3/8, சரிவகத்தின் சரிவு 2/5 என்பதால் மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு சதுர அலகுப் பரப்புள்ள மெல்லிய இடைவெளி விழுகிறது; கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. ஆகவே, உங்கள் முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதைக் கொண்டு, எந்த முக்கோணத்துக்கும் மூன்று கோணங்களின் கூடுதல் 180° தான் என்று நிறுவுங்கள்.