சிடி ஸ்கேனில் பரவவில்லை என்று வந்த பிறகும் ஆபரேஷனுக்கு முன் லேப்ராஸ்கோப்பி எதற்கு? பணம் பிடுங்கவா?

உங்கள் வீட்டில் யாருக்கோ இரைப்பைப் புற்றுநோய், சிடி நன்றாக வந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார் என்று காத்திருந்தால் டாக்டர் வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று இன்னொரு சோதனை சொல்கிறார், அப்படித்தானே? தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கும் இதேதான் நடந்தது. எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்து சிக்னெட் ரிங் வகை, அதாவது செல்கள் மோதிரம் மாதிரி தெரியும் புற்று என்றார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, வயிறு விரியத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றி சிடி எடுத்தார்கள். கல்லீரல், நுரையீரலில் எதுவும் இல்லை, வயிற்றில் நீர் கோக்கவில்லை என்று ரிப்போர்ட். அம்மா அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார்.

ஆனால் சர்ஜன் அதோடு விடவில்லை. கல்லீரலுக்குப் போயிருந்தால் சிடி பெரும்பாலும் காட்டிவிடும், வயிற்றின் உள்சவ்வில் 5 மில்லிமீட்டருக்கும் சின்னதாக ரவை மாதிரி ஒட்டியிருந்தால் அநேகமாகத் தெரியாது என்றார். நெறிக்கட்டிகளையும் அளவை வைத்துத்தான் சொல்கிறார்கள், சின்னதில் புற்று இருக்கலாம், பெரியது வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேன் எடுக்கலாமே என்று கேட்டேன், இந்த வகை அதிலும் பல நேரம் சரியாகத் தெரியாதாம்.

கேமரா விட்டுப் பார்த்தபோது குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வில் வெள்ளைப் புள்ளிகள். பயாப்சியில் உறுதியானது. இரைப்பையை எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டு கீமோ தொடங்கினார்கள். வயிற்றைத் திறந்து இரைப்பையை எடுத்த பிறகு பரவல் தெரிந்திருந்தால் அப்பாவுக்குக் கிடைத்த மாதங்கள் தையல் ஆறவே போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக என்றாலும் வாயால் சாப்பிட்டுக்கொண்டு அந்தத் தீபாவளிக்கு எங்களோடு வீட்டில் இருந்தார்.

நான் டாக்டர் இல்லை. 'அப்போ ஸ்கேன் வேஸ்டா' என்று யாராவது கேட்பீர்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை, சிடி இல்லாமல் எந்த சர்ஜனும் முடிவெடுக்க மாட்டார். இரைப்பையின் உள்படலத்தோடு நிற்கும் ஆரம்பக் கட்டப் புற்றுக்கு இந்த லேப்ராஸ்கோப்பி பொதுவாகத் தேவைப்படாது என்பதும் தெரியும்.

எனக்குக் கோபமெல்லாம் என் பெரியப்பா மேல்தான். 'கத்தி பட்டதால்தான் பரவிடுச்சு' என்று இன்றைக்கும் கல்யாண வீட்டில், காரிய வீட்டில் எல்லாம் சொல்கிறார். கேமரா உள்ளே போன நிமிடமே கண்ணில் பட்ட புள்ளிகள் எப்படிக் கத்தியால் வந்திருக்கும்? அந்த லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது அம்மா, அதைக் கேட்டுக்கேட்டு அவர் இன்னும் அழுகிறார். வைத்தியத்துக்கு ஒரு ரூபாய் தராதவர்களுக்குத்தான் வாய் நீளம்.

சரி, உங்கள் விஷயம். லேப்ராஸ்கோப்பியின்போது வயிற்றைக் கழுவிய நீரை செல் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள், அதில் புற்று செல் இருந்தாலே நான்காம் கட்டமாகத்தான், அதாவது பரவிவிட்டதாகத்தான் கணக்கு. சிடியை நெஞ்சிலிருந்து இடுப்பு வரை முழுசாக எடுத்திருக்கிறார்களா பாருங்கள். நோயாளி பெண் என்றால் சினைப்பை பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது இருக்க வேண்டும், இந்தப் புற்று அங்கேயும் போகும். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் பேப்பரோடு ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், சர்ஜன் படத்தைத் தானே பார்க்க விரும்புவார்.