அப்பாவின் கறிவேப்பிலை மஞ்சளாகிறது, எந்த மருந்து போடுவது?

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்து மனிதர். இளவயதில் முயல் வேட்டை, கன்னி இன வேட்டைநாய் என்று காட்டிலேயே கிடந்தவர். இங்கே வந்தபிறகு நாய், செடி, பேரப்பிள்ளைகள், இவைதான் அவருக்கு எல்லாம். அவர் பத்து வருடத்துக்கு மேல் வளர்த்த கறிவேப்பிலை வாசலில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் நிற்கிறது. இப்போது அடியிலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன, மண்ணில் ஒரு வாடை, சில இலைகள் கடிபட்டிருக்கின்றன. நான் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்பா கைபட்ட செடி என்பதால் ஒரு இணுக்கு பறிக்கவும் யாரையும் விடவில்லை. செடிக்கடையில் வேரில் போட ஒரு குருணை மருந்து, நீல நிற நத்தை மருந்து, ஆமணக்குப் புண்ணாக்கு மூன்றும் கொடுத்தார்கள். அம்மா புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார். தம்பியோ புதுச் செடி வாங்கி அதே பீப்பாயில் வைத்துவிடலாம் என்கிறான். எந்த மருந்தை முதலில் போடுவது?

பதில்: தங்கச்சி, எதையும் போடாதீர்கள். தண்ணீரையும் நிறுத்துங்கள். உங்கள் செடிக்கு நோய் இல்லை, வேர் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது. அடியிலை முழுசாக மஞ்சளாகிக் கொட்டுவதும் மண் வாடையடிப்பதும் சேர்ந்து வந்தால் அது தண்ணீர் தேங்கியதன் அடையாளம்தான். இரும்புச்சத்துக் குறை என்றால் கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், நீங்கள் சொல்வது அது இல்லை.

கோவில்பட்டிக் கரிசலில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் செடி இது. சிங்கப்பூரிலோ வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காற்றிலும் எப்போதும் ஈரம். இங்கே கறிவேப்பிலை காய்ந்து செத்ததை விட ஊறிச் செத்ததுதான் அதிகம். அப்பா தினமும் ஊற்றியிருக்க மாட்டார், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. பீப்பாயைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளைகளை வேர் அடைத்திருக்கிறதா பாருங்கள், அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டால் டெங்கிப் பிரச்சினை வேறு. இரண்டு வாரத்திலும் வாடை போகவில்லை என்றால் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, பருமணல் நிறையக் கலந்த மண்ணில் மறுபடி வையுங்கள். வாசல் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி, தெரிந்திருக்கும்.

மோர் வேண்டாம். தோட்டத்து நிலத்தில் ஊற்றினால் மண் அதைத் தின்று செரித்துவிடும். ஊறிக்கிடக்கும் பீப்பாயில் ஊற்றினால் நாற்றமும் சிறு ஈக்களும்தான் மிஞ்சும். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபமே வருகிறது. குருணை மருந்தைச் செடி வேர் வழியாக உறிஞ்சி இலைக்குள் கொண்டுபோகும். ரசத்தில் போட்டு, பேரப்பிள்ளைகள் மென்று தின்னும் இலை இது! எதற்கு என்றுகூடக் கேட்காமல் எப்படிக் கொடுத்தார்? நத்தை மருந்தில் பெரும்பாலும் இருப்பது மெட்டல்டிஹைடு. நாய்க்கு அதன் சுவை பிடிக்கும், தின்ற சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும், உயிரும் போகலாம். ஆமணக்குப் புண்ணாக்கு அதைவிடத் தந்திரமானது, ‘இயற்கை உரம்’ என்று எழுதியிருப்பதால் யாரும் பயப்பட மாட்டார்கள், ஆனால் அதில் ரிசின் என்ற விஷம் தங்கியிருக்கக்கூடும். புண்ணாக்கு வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். வீட்டில் நாய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல் இந்த இரண்டையும் விற்பவர் கடைக்கு இனிமேல் போகாதீர்கள். பொட்டலத்தைப் பிரித்திருந்தால் நன்றாகக் கட்டி நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஏற்கெனவே தூவியிருந்தால் மேல்மண்ணை வழித்தெடுத்து விடுங்கள். நாய் தின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கடிபட்ட இலைக்கு மருந்து தேவையே இல்லை, உங்கள் அப்பாவின் கண் போதும். முயல் வேட்டைக்காரர் முயலைத் தேட மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். புழுக்கை புதிதா பழசா, புல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, இதைப் பார்த்துத்தான் நாயை எந்தத் திசையில் அவிழ்ப்பது என்று முடிவு செய்வார். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு விரட்டுகிற நாய்கள், முயல் எழும்பும் இடத்தை மனிதன்தான் ஊகிக்க வேண்டும். 1972இல் வந்த இந்திய வனவிலங்குச் சட்டப்படி அந்த வேட்டை இப்போது குற்றம், அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பார்வை போகக்கூடாது. காலையில் செடியடியில் குனிந்து பாருங்கள். மிளகை நுணுக்கிப் போட்டது மாதிரி கரும்பச்சை எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் போலத் தெரியும், வளர்ந்தால் பச்சை, தொட்டால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். கையால் எடுத்துவிடலாம். பத்து வயதுச் செடிக்கு நாலைந்து புழு ஒன்றும் செய்யாது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் இந்தத் தடம் பார்க்கும் வித்தையைக் காட்டுங்கள், தாத்தாவைப் பற்றி நீங்கள் சொல்லும் கதைகளை விட இது அவர்களுக்கு நன்றாகப் பதியும்.

நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பறிக்காமல் வைப்பதால் அந்தச் செடி காப்பாற்றப்படாது. கறிவேப்பிலை வெட்ட வெட்டத்தான் தழைக்கும், விட்டுவிட்டால் ஒற்றைக் கொம்பாக நெடுநெடுவென்று வளர்ந்து, பூத்து, காய்த்து, அடிமரம் மொட்டையாகிவிடும். அதிலும் வேர் நொந்திருக்கும் இந்த நேரத்தில் மேலே பாரத்தைக் குறைப்பது அவசியம். கூர்மையான கத்தரியால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டுங்கள், கணுவுக்குச் சற்று மேலே. இலையை உருவாதீர்கள், இணுக்கோடு வெட்டுங்கள். வெட்டிய இலையை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள், அப்பா கொடுத்திருப்பார் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்வேன். கொழுந்து வெளியே வரும்வரை எந்த உரமும் வேண்டாம். வந்தபிறகு நன்றாக மட்கிய எரு ஒரு கைப்பிடி போதும்.

தம்பி சொன்னபடி புதுச் செடியை அதே பீப்பாயில் வைத்தால் அதே சேற்றில் அதுவும் போகும். கறிவேப்பிலையே மறு கன்று தரும். பெரிய செடியைச் சுற்றி வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்று இருந்தால், அதற்குச் சொந்த வேர் இருக்கிறதா பார்த்து, வேரோடு பிரித்துத் தம்பி வீட்டுக்கு ஒன்று வைக்கலாம், ஆனால் தாய்ச்செடி தேறியபிறகு. இல்லாவிட்டால் கறுத்துப் பழுத்த பழத்தைச் சதை நீக்கிக் கழுவி, அன்றைக்கே விதையுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். நாற்று சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அப்போதுதான் பக்கக் கிளை வரும்.