துலாவில் தண்ணீர் அள்ளும் காட்சிக்குச் செலவில்லாமல் ரெபரன்ஸ் வீடியோ எடுப்பது எப்படி?

கேள்வி: துலாவில் (ஒரு முனையில் வாளிக் கயிறும் மறுமுனையில் பாரமும் உள்ள ஏற்ற மரம்) தண்ணீர் அள்ளும் ஒருவரை 2டி அனிமேஷனில் செய்ய வேண்டும். என்னிடம் போன் மட்டும்தான். வீட்டில் இருப்பது கப்பிக் கிணறு. அசைவைப் பார்த்து வரைய ரெபரன்ஸ் வீடியோ எப்படி எடுப்பது?

முதலில், கப்பியில் அள்ளுவதை எடுத்துத் துலாவுக்குப் போட்டுவிடாதீர்கள். பாரம் தலைகீழாகிவிடும். கப்பியில் வெறும் வாளி தானாக இறங்கும், நிறைந்த வாளியை மேலே எடுக்கத்தான் தோளும் இடுப்பும் உழைக்கும். துலாவிலோ மறுமுனையில் பாரம் இருப்பதால், வெறும் வாளியை இறக்கத்தான் உடம்பைச் சாய்த்துக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் பிடி தளரக் கூடாது. தளர்ந்தால் துலா வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனக்காது. வெளியே வரும் கணத்தில்தான் கனம் கையில் ஏறும். அந்த இரண்டு மூன்று பிரேம்களில் முழங்கை எப்படி நீள்கிறது என்று பாருங்கள். காட்சியின் உயிர் அங்கேதான்.

துலா கிடைக்காவிட்டால் முற்றத்து மாமரக் கிளையில் கப்பியைக் கட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையில் 5 லீற்றர் தண்ணீர்க் கான், மறுமுனையை நடிப்பவர் கீழே இழுக்கட்டும். துலாவில் வெறும் வாளியை இறக்கும் இழுவை இதில் கிடைக்கும். வெறுங்கையால் பாவனை காட்டினால் கால் நிலத்தில் ஊன்றாது, அது படத்திலும் தெரியும். கானுக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம். கப்பியில்லாமல் கயிற்றை நேரே கிளையில் போட்டால் உராய்ந்து, இழுவை வெட்டி வெட்டி வரும்.

போனைக் கதிரையில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே இறுக்கி வையுங்கள். தூரம் 4, 5 மீற்றர். கிட்ட வைத்தால் முன்னால் வரும் கை ஊதித் தெரியும். நிலத்தில் அரை மீற்றருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கால் வழுக்குகிறதா என்பதை அதை வைத்துத்தான் பிடிக்கலாம். சாரம் முழங்காலை மறைத்துவிடும், அரைக்காற்சட்டை நல்லது. முழங்கால், முழங்கை, தோளில் வெளிர் நிற ரேப் ஒட்டுங்கள்.

மத்தியான வெயிலில் உடம்பின் நிழல் உடம்பிலேயே விழும். காலை 8 மணியளவில் எடுங்கள். ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, ஷட்டரை 1/200 செக்கன் அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். இல்லாவிட்டால் கை மங்கி விரல் தெரியாது. (உள்ளே ரியூப் லைற்றில் எடுத்தால் 1/100. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வேறு வேகத்தில் படம் மினுங்கலாம்.)

அனிமேஷனைச் செக்கனுக்கு 24 பிரேமில் செய்வதானால், போனில் 24 பிரேம் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் 60. முப்பதை 24 ஆக்கும்போது ஐந்தில் ஒரு பிரேம் விழுந்து அசைவு துள்ளும். அறுபதில் அந்தத் துள்ளல் குறைவு. பல போன்கள் பிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அதனால்தான் நேரே பிளென்டரில் (அனிமேஷன் மென்பொருள்) போட்டால் எண்ணிக்கை பிசகுகிறது. ஹான்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் 24 நிலையான பிரேமுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்க அனிமேஷன் கலைஞர் மாக்ஸ் ஃபிளைஷரின் ரோட்டோஸ்கோப் (படமெடுத்த பிரேமின் மேல் வரையும் கருவி) 1917 இல் காப்புரிமை பெற்றது. அதைப்போல ஒவ்வொரு பிரேமின் மேலும் அப்படியே வரையலாம்தான். ஆனால் அப்படி வரைந்தால் பெரும்பாலும் பாரம் குறைந்து, ஆள் மிதக்கிற மாதிரி இருக்கும். இழுக்கத் தொடங்கும் நிலை, கயிறு இறுகும் நிலை, கைமாறும் நிலை ஆகியவற்றின் பிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவை மூடிவிட்டு அந்த எண்களில் உங்கள் பாத்திரத்தை வரையுங்கள். இறுகும் நிலையில் இடுப்பை வீடியோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடப் பின்தள்ளுங்கள்.