மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்ட 5ஆம் நாளே எச்சில் ஒழுகுது: ஊசியால் வந்ததா?

ஊசி மருந்தால் வரவில்லை. முறையாகத் தயாரித்த கோமாரி ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அது நோயைத் தராது.

வைரஸ் புகுந்து வாயில் கொப்புளம் தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். அதனால் ஊசிக்கு முன்பே தொற்றியிருக்கலாம், இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தி ஏறுவதற்குள் தொற்றியிருக்கும். முந்தின வாரம் சந்தையில் புது மாடு வாங்கியிருந்தால், அந்த மாட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கிய செருப்பும், மாட்டுக்கு மாடு மாற்றாத ஊசிமுனையும் அடுத்த சந்தேகம்.

ஒன்று செய்யுங்கள். எல்லா மாட்டின் நாக்கையும் பாருங்கள். கொப்புளம் உடையாமல் இருந்தால் புண்ணுக்கு வயது 1–2 நாள். உடைந்து, சிவந்து, ஓரத்தில் தோல் தொங்கினால் 2–3 நாள். ஆறத் தொடங்கியிருந்தால் ஒரு வாரத்தை நெருங்குகிறது. நாளோடு எழுதி வையுங்கள், முதலில் வந்த மாடு எதுவென்று தெரிந்துவிடும். நோய்ப்பரவலை ஆராய்பவர்களும் இப்படித்தான் பின்னோக்கி எண்ணுவார்கள்.

ஆனால் பழைய புண்ணில் இந்தக் கணக்கு தப்பும். உறுதி வேண்டுமென்றால், புண் புதிதாக இருக்கும்போதே டாக்டரிடம் சொல்லி அதன் தோலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கன்றுக்கு நோய் வந்த தாயின் பாலை விடாதீர்கள், வைரஸ் இளங்கன்றின் இதயத்தைத் தாக்கக்கூடும்.