கண் நரம்பு வீக்கம்: ஊசிதான் போடணுமா, மாத்திரை போதாதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மனைவிக்கு 29 வயது. ஒரு வாரமாக இடது கண் மங்கல், கண்ணை உருட்டினால் வலி. பார்வை நரம்பில் அழற்சி, மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. மாத்திரை வாங்கி வீட்டிலேயே சமாளிக்க முடியாதா?”

நேராகவே சொல்லிவிடுகிறேன், வழக்கமான டோஸில் மாத்திரையை மட்டும் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அமெரிக்காவில் 457 பேரை வைத்து நடந்து 1992-ல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு குழுவுக்கு ரத்தக்குழாய் வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு குழுவுக்கு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஊசி போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவிலும் பார்வை ஏறக்குறைய ஒன்றுதான். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ, எதுவுமே சாப்பிடாதவர்களைவிட அதிகமாக அழற்சி திரும்ப வந்தது!

அப்படியென்றால் ஊசியே வேண்டாமே என்று தோன்றும். இது சாதாரண வகைதானா என்று முதல் வாரத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, சிக்கலே அங்கேதான். என்எம்ஓ (NMO), மாக் (MOG) என்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிற வேறு இரண்டு வகைகள் இருக்கின்றன, அவற்றில் சிகிச்சை தள்ளிப்போனால் பார்வை திரும்பாமலே போகலாம். அதனால் முடிந்தால் ஊசி மருந்தை டிரிப்ஸாக முதல் தடவை ஏற்றும் முன்பே, அந்த இரண்டு வகைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள், ரிசல்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். எம்ஆர்ஐயும் அவசியம்.

மாத்திரையிலும் முடியும், ஆனால் அளவு வேறு. ஒரு கிராம் ஊசிக்கு ஈடாக பிரெட்னிசோன் 1,250 மி.கி. ஆகிறது, 40 மி.கி. மாத்திரைக் கணக்கில் ஒரு நாளைக்கு 31. டாக்டர் மேற்பார்வையில் சிலருக்கு இப்படியும் கொடுப்பதுண்டு, மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை. அட்மிஷன்தான் பிரச்சினை என்றால், தினமும் காலையில் வந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மருந்து ஏறி முடிந்து சில மணி நேரம் கழித்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

சர்க்கரை, பிபி, எப்போதாவது டிபி வந்திருந்தால் அது, எதையும் மறைக்க வேண்டாம். டிபிக்கு எத்தாம்புட்டால் சாப்பிடுகிறவருக்குப் பார்வை மங்கினால் அது வேறு கதை, அங்கே முதலில் அந்த மருந்தை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ஊசி நாட்களில் வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி, முகச் சிவப்பு, ராத்திரி தூக்கமின்மை எல்லாம் வரும், போய்விடும். ஊசிக்குப் பிறகு தரும் மாத்திரையைச் சொன்னபடியே குறைக்க வேண்டும், பாதியில் விடக் கூடாது.

அப்புறம், வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு சிவப்பு பாட்டில் மூடியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணுக்கு அது வெளுத்த செங்கல் நிறமாகத் தெரியும். நரம்பு தேறத் தேற அந்தச் சிவப்பும் மெல்லத் திரும்பும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். தேறிய பிறகும் வெந்நீரில் குளித்தாலோ வெயிலில் நடந்தாலோ கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியலாம், உடல் சூடு தணிந்ததும் சரியாகிவிடும். நாள் கணக்கில் நீடித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.